இடிபாட்டைக் கூட்டிப் பெருக்கிய அக்காவுக்கு

நாளைக்கு ஆடிட், அக்கா. கேண்டீன் அலமாரியைத் துடைக்கும் முறை இன்று எனக்கு. இரண்டாவது தட்டில், ஜன்னலை ஒட்டி, மஞ்சள் டேப்பில் ஒரு சதுரம். நடுவில் ஒன்றும் இல்லை. உங்கள் மூன்றடுக்கு கேரியர் நின்ற இடம். ஒரு மூலையில் டேப்பு லேசாகக் கிளம்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், ஒட்டிக்கொண்டது. துணியை அலசிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் மறுபடி கிளம்பியிருக்கிறது.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. தொழிற்சாலையில் எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப்பு உண்டு. பொருள் இடம் மாறி இருந்தால் ஒரு தப்பு. டேப்பு மட்டும் இருந்து பொருளே இல்லையென்றால் அதைவிடப் பெரிய தப்பு. ஒன்று பொருளை வைக்க வேண்டும், இல்லை டேப்பை உரிக்க வேண்டும். இதை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததாகச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஓசூரில் அதை நடத்திக் காட்டியது நீங்கள்தான். தண்ணீர்ப் பாட்டிலுக்கு டேப்பு, துடைப்பத்துக்கு டேப்பு, சூப்பர்வைசரின் மூக்குக் கண்ணாடிக்கு டேப்பு. ஒருநாள் அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, "அதுக்குன்னு இடம் குடுத்திருக்குது, அங்க வைக்காம மூஞ்சில வச்சிக்கினு தேடுனா எப்படி சார்" என்று கேட்டீர்கள்.

டேப்பை உரிக்கக் கை வரவில்லை. துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு நான் பி.எஸ்சி. என் பெயர் உங்கள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. இயற்பியல் படித்துவிட்டு வந்தவள் என்று தெரிந்த அன்றே பட்டம்தான் பெயர் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதில் என் அம்மாவைவிட உங்களுக்குத்தான் பெருமை. எட்டாவதோடு நின்ற நீங்கள், வண்டிகளுக்கு உள்ளே ஓடும் ஒயர்க் கட்டுகளைக் கட்டும் முப்பது பெண்களுக்குத் தலைவி. லைனைப் பார்க்க யார் வந்தாலும், "எங்க லைன்ல ஒரு பி.எஸ்சி. இருக்குது" என்று காட்டுவீர்கள், புதிதாக வாங்கிய மிஷினைக் காட்டுவது போல. மிஷினாவது சத்தம் போடும். நான் அதுவும் போட மாட்டேன்.

கேண்டீனில் உப்புமா போடுகிறவரிடம் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கரண்டியை நிறுத்தட்டும் என்று நான் நிற்பேன். நான் தட்டை இழுக்கட்டும் என்று அவர் போடுவார். எட்டு மாதத்தில் யூனிஃபார்மை இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று. இது யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேரியரைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"பி.எஸ்சி., நீ பசிக்குத் தின்னல. பயத்துக்குத் தின்ற."

பிறகு என் ஊரைக் கேட்டீர்கள். ஜவளகிரி என்றேன். காட்டோரமா என்றீர்கள். ஆமாம், ராகிக் கொல்லைக்கு யானை இறங்கும், அப்பா அதட்டித் துரத்துவார் என்றேன். நீங்கள் களியை உருட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தீர்கள். யானையை அதட்டுகிற ஆளுடைய மகள் உப்புமாக் கரண்டிக்குப் பயப்படுகிறாள் என்பதை அன்று மாலைக்குள் இரண்டு ஷிஃப்டுக்கும் சொல்லி முடித்தீர்கள்.

பேசாத எனக்கு நீங்கள்தான் ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். எந்த மூலையைச் சுத்தம் செய்தாலும் செய்வதற்கு முன்னால் ஒரு படம், செய்த பிறகு ஒரு படம் எடுத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். முன் படம், பின் படம். நான்கு மூலையிலிருந்தும் எடுக்க வேண்டும், அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு பேனா வைக்க வேண்டும். "வாய் ஆடாத பொண்ணு, கையும் ஆடாது" என்று சொல்லி அந்த வேலையை என்னிடம் தந்தீர்கள். அதனால்தான் நம் டூர் படங்கள் ஒன்றிலும் நான் இல்லை. எல்லாப் படத்திலும் நீங்கள் இருக்கிறீர்கள், பாதியில் கையில் பேனாவோடு.

அந்த டூரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஆண்களுக்கு வருடா வருடம் டூர் உண்டு. பெண்களுக்குக் கிடையாது. மூன்று வருடம் நீங்கள் ஹெச்.ஆர். அறைக்கு நடந்தீர்கள். அங்கிருந்த மேனேஜர் பாதுகாப்பு என்றார், வீட்டில் விடமாட்டார்கள் என்றார், லைன் நின்றுவிடும் என்றார். மூன்றாவது வருடம் நீங்கள் இப்படிச் சொன்னீர்கள். "நான் கட்டுற கட்டு கப்பல்ல போகுதாம் சார். பத்தொம்பது வருசமாக் கட்டுறேன். நான் இன்னும் கப்பலைப் பார்க்கல."

ஒத்துக்கொண்டார். ஏ ஷிஃப்ட் ஜனவரியில் போகலாம், நம் வேலையை பி ஷிஃப்ட் பெண்கள் சேர்த்துச் செய்வார்கள். பிப்ரவரியில் அவர்கள் போவார்கள், நாம் செய்ய வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போன இடத்திலிருந்து ஒரு புகார் கடிதம் வந்தாலும் அதோடு சரி, பெண்கள் டூர் என்ற பேச்சே இனி இல்லை. நாம் கிளம்புவதற்கு முன்பே பி ஷிஃப்ட் சரோஜா அக்கா சக்கரம் வைத்த புதுப் பை வாங்கிவிட்டார். அதைக் கேண்டீனுக்குள் இரண்டு சுற்று உருட்டிக் காட்டினார். "பார்த்துப் போங்கடி. உங்களாலதான் எங்க டூரு" என்றார். நீங்கள் சிரித்துவிட்டு, அந்தப் பை நிற்க அவருடைய லாக்கருக்குக் கீழே டேப்பு ஒட்டிக் கொடுத்தீர்கள்.

விசாகப்பட்டினம் என்று தேர்ந்தெடுத்தவர் நீங்கள். கப்பலும் இருக்கிறது, கடலும் இருக்கிறது, மலைமேல் பூங்கா இருக்கிறது, பழைய காலத்து இடிபாடுகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே அங்கே தெலுங்கு, அது நம் ஓசூர் பாஷைதானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். பெங்களூரில் ரயில் ஏறியதும் ஒவ்வொரு பெர்த்திலும் பெயர் எழுதி டேப்பு ஒட்டினீர்கள். வழியில் ஏறிய ஒரு பெரியவர் நம் பைகளுக்கு நடுவே தன் பையை வைத்தார். அதற்கும் ஒன்று ஒட்டினீர்கள், 'வெளியாள்' என்று. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் நன்றி சொன்னார்.

அங்கே இறங்கியதும் முதல் வேலையாக இளநீர்க்காரரிடம் உங்கள் தெலுங்கை எடுத்துவிட்டீர்கள். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் கர்நாடகாவா என்று கேட்டார். அரை நாள் நீங்கள் யாரிடமும் தெலுங்கில் பேசவில்லை.

கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி, உள்ளே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களே, அங்கே நடந்தது நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. மற்றவர்கள் குண்டு எங்கே, படுக்கை எங்கே என்று பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். நாம் முப்பது பேரும் தலைக்கு மேலே பார்த்தபடி நின்றுவிட்டோம். மேலே முழுக்க ஒயர். கை தடிமனுக்குக் கட்டுகள். "ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கான் பாரு. எவ்ளோ ஒழுங்கு" என்று நீங்கள் சொல்ல, எல்லாரும் விரலால் இடைவெளியை அளந்தார்கள். ஓரிடத்தில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. அதை நீங்கள் பார்த்துவிட்டு, அந்தக் கப்பல் எதிரியிடம் சிக்காதது அதிர்ஷ்டம் என்கிற மாதிரி தலையை ஆட்டினீர்கள். பின்னால் வரிசை கடற்கரைவரை நீண்டுவிட்டதாகக் காவலர் வந்து கெஞ்சிய பிறகுதான் நகர்ந்தோம்.

பிறகு மலைமேல் பூங்கா. கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறிப் போனோம், கண்ணை மூடிக்கொண்டு. மேலே புல்வெளியும் பூச்செடிகளும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ரோஜாத் தோட்டங்கள் நிறைந்த தளிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பூந்தோட்டத்தை டிக்கெட் கொடுத்துப் பார்ப்பது ஒப்பவில்லை. ரோஜாவுக்கு மருந்து போதவில்லை என்று இரண்டு பேர் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். நீங்கள் எதையும் பார்க்கவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தூரத்தில் துறைமுகம். கிரேன்கள். வெளியே கடலில் வரிசையாக நான்கைந்து கப்பல்கள், தீப்பெட்டி அளவில்.

"பி.எஸ்சி., நம்ம பெட்டி இதுல எதுல போகும்?"

அக்கா, உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் பெட்டிகள் சென்னைத் துறைமுகம் வழியாகப் போகின்றன. டெஸ்பாட்ச் தாளில் தினமும் நான்தான் அதைப் பார்க்கிறேன். விசாகப்பட்டினத்துக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வழக்கம்போல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பாக இருந்த ஒன்றைக் கை காட்டினேன். நீங்கள் அதற்குக் கையசைத்தீர்கள். முப்பது பேரும் அசைத்தார்கள். அந்தச் சிவப்புக் கப்பல் எங்கே, என்ன ஏற்றிக்கொண்டு போனதோ, அதற்கு இவ்வளவு பெரிய வழியனுப்புதல் அதற்கு முன்பும் நடந்திருக்காது, பின்பும் நடந்திருக்காது. கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றீர்கள். மறுநாள் மாலை நான்கு மணிக்குத் துறைமுகத்தில் படகுச் சவாரிக்குச் சொல்லி வைத்திருந்தோம். படகு கப்பலுக்குப் பக்கத்திலேயே போகுமாம். அதற்காகத் தனியாக ஒரு புடவை கொண்டுவந்திருந்தீர்கள்.

மறுநாள் மதியம் படகுக்கு நேரம் இருந்ததால் இடிபாடுகளைப் பார்க்கப் போனோம். நகரத்துக்கு வெளியே, கடலைப் பார்த்த ஒரு மேட்டில், புத்தத் துறவிகள் இருந்த மடம். அதன் பெயரைச் சரியாகச் சொல்ல நம்மில் யாருக்கும் வரவில்லை. வட்டமான செங்கல் மேடை, அதன் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகளின் அடித்தளம், நடுவில் முற்றம், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. நீங்கள் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "ஹாஸ்டலு" என்றீர்கள். அறைக்கு ஓர் ஆள், பொதுவான சாப்பாட்டு இடம், குடிநீருக்குத் தனியிடம், எல்லாம் சரியாகத்தான் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள், நம் ஹாஸ்டலில் அறைக்கு ஆறு பேர் என்றீர்கள்.

பிரச்சினை அதற்குப் பின்னால் இருந்தது. ஓர் அறைக்கு வெளியே கயிறு கட்டிய சின்ன இடத்தில் செங்கல்கள் சிதறிக் கிடந்தன. முழுசும் உடைந்ததுமாக, கோணலும் மாணலுமாக. ஒரு கூடை, ஒரு பிரஷ், காய்ந்த இலைகள். ஆள் யாரும் இல்லை. காவலாளி சாப்பிடப் போயிருந்தார். பஸ் டிரைவரும் சாப்பிடப் போயிருந்தார். அவர் வர முக்கால் மணி நேரம் ஆகும்.

முப்பது பெண்கள், முக்கால் மணி நேரம், கண் எதிரே ஒரு குப்பை. வேறு ஊர்ப் பெண்களாக இருந்தால் செல்ஃபி எடுத்திருப்பார்கள். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எத்தினி வருசமா இப்படிப் போட்டு வச்சிருக்கானுங்களோ" என்றீர்கள். பிறகு சொன்னது எனக்கு.

"பி.எஸ்சி., முன் படம்."

எடுத்தேன். நான்கு மூலையிலிருந்தும், பக்கத்தில் பேனா வைத்து. பதினான்கு படம், எல்லாவற்றிலும் பேனாவோடு நீங்கள். இது சரியில்லை என்று என் மனத்தில் ஏதோ ஒன்று சொன்னதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொன்னது, அக்கா. ஆனால் உப்புமாவிலும்தான் சொன்னது.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முழுச் செங்கல் ஓர் அடுக்கு, பாதிச் செங்கல் ஓர் அடுக்கு, துண்டு எல்லாம் ஒரு குவியல். வேப்பங்கொத்தை ஒடித்துத் தரையைப் பெருக்கினார்கள். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மூன்று குவியலையும் சுற்றி ஒட்டினீர்கள். மண்ணில் ஒட்டாததால் ஓரத்தில் கல் வைத்தீர்கள். 'முழுசு', 'பாதி', 'துண்டு' என்று எழுதி வைத்தீர்கள். நான் பின் படம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், பலகையில் ஒட்டினால் முதல் பரிசு வாங்கும் படம் அது.

காவலாளி வந்தார். பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் போன் செய்ததும், தொப்பி போட்ட இளம் அதிகாரி ஒருவர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். 'துண்டு' என்ற அட்டையைக் கையில் எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தெலுங்கில் வேகமாகப் பேச ஆரம்பித்தார். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அவருடைய வேகம் கூடியது. கடைசியில் ஆங்கிலத்துக்கு மாறினார். முப்பது முகமும் என் பக்கம் திரும்பின.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அதுதான் கஷ்டம். அது குப்பை இல்லை, விழுந்த சுவர். எந்தச் செங்கல் எங்கே எப்படி விழுந்து கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தச் சுவர் எப்படி விழுந்தது என்று தெரிந்துகொள்ள முடியும். இரண்டு வாரமாக ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பகுதியை இன்னும் வரையவில்லை. ஆயிரக்கணக்கான வருடம் கிடந்த கிடை இருபது நிமிடத்தில் போய்விட்டது. அவர் நம் அடையாள அட்டையில் தொழிற்சாலைப் பெயரைக் குறித்துக்கொண்டார். உங்கள் நிர்வாகத்துக்கு எழுத வேண்டிவரும் என்றார்.

அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன். உங்கள் கையில் இன்னும் டேப்பு. சரோஜா அக்காவின் சக்கரப் பை என் கண்முன் உருண்டது, உங்கள் கண்முன்னும் உருண்டிருக்கும்.

"என் மேல எழுதச் சொல்லு கண்ணு. நான் ஒருத்திதான் செஞ்சேன்னு சொல்லு. வேணும்னா வேலைய விட்டு எடுக்கச் சொல்லு. டூர் மேல எழுத வேணாம்னு சொல்லு."

நீங்கள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு ஆங்கிலம் என்ன என்று தேடினேன். கல்லூரியில் மூன்று வருடம் படித்த ஆங்கிலம் முழுவதும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. வாயைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். அவர் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. ஓர் அரசு அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சார். பிஃபோர் ஃபோட்டோ."

மூன்றே வார்த்தை. போனை நீட்டினேன். அவர் எரிச்சலோடு வாங்கினார். ஒரு படம் பார்த்தார். அடுத்ததைத் தள்ளினார். பெரிதாக்கிப் பார்த்தார். நான்கு மூலை. அளவுக்குப் பேனா. தொப்பியைக் கழற்றினார். "வை டிட் யு டேக் திஸ்?" என்று கேட்டார். எதற்காக எடுத்தீர்கள் என்பதற்கு என்ன சொல்ல? "டெய்லி, சார்" என்றேன். தினமும் எடுப்போம் என்று சொல்ல வந்தேன். நாம் தினமும் எங்கேயாவது போய் இடிபாடுகளைக் கலைத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருக்கலாம்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அடுக்கியதை எல்லாம் மறுபடி சிதற வைக்க வேண்டும், சிதறி இருந்த அதே மாதிரி. அவர் போனைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். முதலில் உங்கள் காதில் சொன்னேன், நீங்கள் மற்றவர்களுக்குச் சொன்னீர்கள். நான்காவது செங்கலுக்கு மேல் அது சரிப்பட்டு வரவில்லை. எப்போது என் குரல் உயர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. இடது பக்கம், இன்னும் கொஞ்சம், அது இல்லை அக்கா மூலை உடைந்தது, கவிழ்த்து வைங்க, கோணலா, இன்னும் கோணலா. பத்தொன்பது வருடமாக எதையும் நேராக வைத்த கை உங்களுடையது. கோணலாக வைக்கச் சொன்னால் அது கேட்கவே இல்லை. வைத்துவிட்டு நகரும்போது விரல் தானாகப் போய் நேராக்கிவிடும்.

"அக்கா, நேராக்காதீங்க" என்று கத்தினேன்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். அதிகாரி பயந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தூரத்தில் வேலியில் இருந்த காகம் பறந்தது. நீங்கள் அந்தச் செங்கலைக் கோணலாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "யானைக்காரர் பொண்ணுதான்டி. சந்தேகமே இல்ல."

கடைசியில் ஒரு செங்கல் மிஞ்சியது. பதினான்கு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தும் அதற்கு இடம் இல்லை. அதிகாரி நெற்றியைத் துடைத்தார். நீங்கள் தயங்கித் தயங்கி முன்னே வந்து, எல்லாப் படத்திலும் பேனாவோடு நீங்கள் நிற்கிற இடத்தைக் காட்டினீர்கள். "அது மேலதான் நான் நின்னுக்கினு இருந்தேன்." போய் அந்த இடத்தில் நின்று, காலை எடுத்து, செங்கலை வைத்தீர்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் படம் கிடையாது, உங்கள் கால்தான் சாட்சி. அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

அவர் நம் நிர்வாகத்துக்கு எழுதவில்லை. கயிறு கட்டிய இடத்துக்குள் போனதற்காக முப்பது பேரையும் நிற்க வைத்துக் கால் மணி நேரம் திட்டினார். நாம் வாங்கிக்கொண்டோம், அது நமக்கு வர வேண்டியதுதான். பிறகு படங்கள் எல்லாவற்றையும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். கிளம்பும்போது தயங்கி, அந்தச் சுருளைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார். கயிற்றைவிட மஞ்சள் டேப்பு நன்றாகக் கண்ணில் படும் என்று தோன்றியதாம். நீங்கள் சுருளோடு கொடுத்துவிட்டீர்கள். பஸ்ஸில் ஏறி வெகுதூரம் வந்த பிறகு, "நல்ல டேப்பு" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

மணி ஐந்தரை. நான்கு மணிப் படகு போய்விட்டது. ரயில் எட்டு மணிக்கு. புடவையை நீங்கள் பையிலிருந்து எடுக்கவே இல்லை. யாரோ பாவம் அக்கா என்றார்கள். அதற்கு நீங்கள், நேற்றே நம் கப்பலைப் பார்த்துக் கையும் ஆட்டியாயிற்று, அதுபோதும் என்றீர்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவ்வளவு கத்திய வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை. இந்தத் தடவை பயம் இல்லை, அக்கா. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

பிப்ரவரியில் பி ஷிஃப்ட் போனது. சரோஜா அக்கா படகில் நின்று கப்பலுக்குப் பக்கத்தில் எடுத்த படத்தை உங்களுக்குக் காட்டினார். நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள். "பை எங்கடி? படத்துல பையக் காணோம்" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். அவர்கள் போயிருந்த நாளெல்லாம் இரண்டு ஷிஃப்ட் வேலையை நாம் சேர்த்துச் செய்திருந்தோம். நீங்கள் ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

லீவே போடாத நீங்கள் வார விடுமுறை நாள் ஒன்றில்தான் போனீர்கள். காலையில் நெஞ்சு வலி என்றீர்களாம், மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கம்பெனி பஸ் இரண்டு நிறைய உத்தனப்பள்ளிக்கு வந்தோம். உங்கள் வீட்டு வாசலில் கூட்டம். எனக்கு உள்ளே வரக் கால் வரவில்லை, கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். அப்போது பார்த்தேன். வாசலில் நூறு ஜோடிச் செருப்பு, வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் அழுதுகொண்டே குனிந்து, முன்னால் இருந்த வரிசையோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ. நானும் வைத்தேன். அதில் உங்கள் செருப்பும் இருந்தது, முதல் வரிசையில், நேராக.

வருகிற ஜனவரியில் ஏ ஷிஃப்ட் டூர் என் பொறுப்பு. ஹெச்.ஆர். அறைக்கு நானேதான் போய்ப் பேசினேன். படகுச் சவாரியைக் காலையிலேயே வைத்திருக்கிறேன். இடிபாட்டுக்கு அதன் பிறகுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று எல்லாரிடமும் எழுதி வாங்கியிருக்கிறேன். உப்புமாக்காரரிடம் இப்போது இரண்டாவது கரண்டியில் போதும் என்கிறேன். முதல் தடவை சொன்னபோது அவர் கரண்டி அந்தரத்தில் நின்றது, பாவம்.

அந்தச் சதுரத்தை உரிக்கவில்லை, அக்கா. நேற்றே அம்மாவிடம் இனி எனக்கும் சாப்பாடு கட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இன்று கொண்டுவந்த என் ஒற்றை டப்பாவை அதில் வைத்திருக்கிறேன். உங்கள் கேரியருக்கு அளந்து ஒட்டிய இடம், என் டப்பா அதில் ஒரு மூலைக்குத்தான் வருகிறது. இடம் பெரிதாக இருக்கிறதே என்று நாளை ஆடிட்டர் கேட்பார். கேட்கட்டும், சொல்வதற்கு வாய் இருக்கிறது.

டப்பாவை வைப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிட்டேன். நான்கு மூலையிலிருந்தும், பக்கத்தில் பேனா வைத்து.